காற்றுக்காலத்தில் ஒரு காது

ஆனி பிறந்தால் பணகுடியில்
கொடியில் போட்ட துணியை
அடுத்த தெருவில் போய்த்தான் எடுக்க வேண்டும்.
கணவாய் வழி வரும் காற்றுக்கு
ஊரைச் சுற்றிக் காத்தாடி நட்டுக்
கரண்டு எடுக்கிறார்கள்.
அந்தக் கரண்டில் நான் பற்றவைப்பதை
அதே காற்று வந்து கெடுக்கும்.

அதனால் சன்னல் இல்லாத உள்ளறை.
நெல் மூட்டைக்காகக் கட்டியது.
கதவுச் சந்தில் பழைய லுங்கி.

எட்டு மணிக்கு வந்தான் வியாகப்பன்,
பெரிய மீனைப் போல் சாக்கில் சுற்றி
ஆம்னி வேனின் கியர்பாக்ஸ் கூடு.
ஒரு காது ஒடிந்திருந்தது.
விடியக்காலம் அஞ்சு மணிக்குச் சவாரி,
காதுகுத்துக்கு, பதினாலு பேர்.
'எப்படிலே ஒடிஞ்சு?'
'தானா ஒடிஞ்சிட்டுக்கா.'

ஒடிந்த வாயைச் சுற்றி எம்சீல் காய்ந்திருந்தது,
சாம்பல் நிறத்தில்,
கைரேகையோடு.
யார் கைரேகை என்று நான் கேட்கவில்லை.

பெட்ரோலில் கழுவி, தின்னரில் துடைத்து,
கம்பி பிரஷ் போட்டு, மறுபடி கழுவி.
வார்ப்பு அலுமினியம் வெளியேதான் உலோகம்,
உள்ளே பஞ்சு.
இருபது வருட ஆயிலைக் குடித்துவிட்டு
ஒன்றும் தெரியாதது போல் உட்கார்ந்திருக்கும்.

அடுப்பில் ஏற்றினேன்,
மீன்குழம்பு இறக்கிய அதே பர்னரில்.
நீலப் புகை.
'நாளைக்கு இட்லியில அடிக்கும் இந்த வாடை' என்றார்
எங்க வீட்டுக்காரர்.
அடிக்கட்டும்.
தோசைக்கல்லுக்குப் போல ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன்.
உருண்டு ஓடியது. போதும்.

ஆர்கானை மந்த வாயு என்று
ஐடிஐயில் போர்டில் எழுதிப் போட்டார்கள்.
எதனோடும் சேராது. எதுவும் செய்யாது.
நாகர்கோவிலிலிருந்து சிலிண்டர் வரவழைத்து
அந்த ஒன்றும் செய்யாமைக்குத்தான்
மூவாயிரம் கொடுக்கிறேன்.

பெடலில் கால்.
ஜாக்கெட் தைத்த கால் இது,
வளைவில் எங்கே மெதுவாக வேண்டுமென்று
எனக்கு முன்னால் அதற்குத் தெரியும்.

இரும்பென்றால் சிவந்து சொல்லும்,
உருகப் போகிறேன், பார்த்துக்கோ என்று.
இது சொல்லாது.
வெளுத்தபடியே நிற்கும்,
ஒரு நொடி கண்ணாடி போல் மின்னும்.
அப்போது கம்பியைத் தொடவில்லையென்றால்
காது தரையில் சொட்டிவிடும்.

முதல் ஓட்டம் சரியாக வந்தது.
இரண்டாவதில் கருப்பாய்க் கொப்புளித்தது பழைய ஆயில்.
தேய்த்தேன். ஓட்டினேன். மறுபடி கொப்புளம்.
மூன்றாம் தடவை
வெள்ளை விளிம்பு கட்டிக்
குளம் தெளிந்து வரும் நேரத்தில்
'ஆயிட்டாக்கா?' என்று
கதவைத் திறந்தான்.

தாம்பூலம் வைத்து அழைத்தது போல்
உள்ளே வந்தது காற்று.
பொங்கிக் கருத்தது எல்லாம்.
டங்ஸ்டன் முனையில் கரி உருண்டை.

'கதவ அடை லே, மூதேவி!'

அடைத்தான்.
உள்ளே நின்றுகொண்டு அடைத்தான்.
அப்புறம் என் முகமூடியைப் பார்த்துச் சொன்னான்:
'பின்னால எடுக்கும்போது கல்லுல விட்டுட்டேன்க்கா.
மொதலாளிக்குத் தெரியாம
நாந்தான் பூசினேன்.'

தட்டிக்கு அந்தப் பக்கம்
முகம் தெரியாத ஒருவரிடம் சொல்வது
கோயிலில் அவனுக்குப் பழகியதுதான்.
நான் சாமியார் இல்லை.
'அந்தால திரும்பி நில்லு,
வெளிச்சத்தப் பாக்காத' என்றேன்.

பத்தரைக்கு முடிந்தது.
சாம்பலில் புதைத்துச் சாக்கைப் போர்த்தினேன்.
அவசரப்பட்டால் வேறிடத்தில் விரியும்.
உள்ளே இரண்டு குமிழியாவது இருக்கும்,
அதையும் சொல்லிவிட்டேன்.
காது தாங்கும்.
டிக், டிக் என்று அது ஆறுவதைக்
குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தான்,
விடிய விடிய மாட்ட வேண்டியவன்.

அறுநூறு கேட்டேன். நானூறு தந்தான்.
மீதி, காதுகுத்து முடிந்து வந்து.

கதவைத் திறந்ததும்
சந்தில் செருகிய லுங்கி
எங்கள் இருவருக்கும் முன்னால்
தெருவைக் கடந்தது.